அவள் கையில் இருந்த போன்

என் தம்பி மகன் அருவியில் மூழ்கிப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மே மாதம், பள்ளி விடுமுறை. நாலு வயது அவனுக்கு. மறுநாள் சாயங்காலம் அம்பத்தூர் கல்லறையில் அடக்கம் முடித்துவிட்டு மேனாம்பேட்டில் தம்பி வீட்டுக்குத் திரும்புவதற்குள், அவன் அம்மாவின் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

நாற்பது விநாடிதான் அது. பாறைமேல் ஒரு பெண் நிற்கிறாள். ஈரச் சுடிதார், துப்பட்டா இல்லை. "ஐயோ என் புள்ள, யாராச்சும் பாருங்களேன்" என்று அலறுகிறாள். கீழே தண்ணீரில் நாலைந்து பேர் முங்கி முங்கித் தேடுகிறார்கள். அவள் வலது கையில் ஒரு போன். படம் எடுத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. குழந்தை தண்ணீருக்குள் கிடக்கும்போது கரையில் ஆடாமல் அசையாமல் நின்று படம் எடுத்தானே, அவன்மேல் ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை. உலகத்தின் கண் மொத்தமும் அவள் கையில் இருந்த போன்மேல்தான் போனது.

யாரோ அதற்குமேல் "செல்போன் மோகம், பறிபோன பிஞ்சு உயிர்" என்று எழுதி, பின்னால் சோக இசை ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். கீழே கருத்துகள். "இவளெல்லாம் ஒரு தாயா?" "ரீல்ஸ் எடுக்கப் போனாளா, புள்ளைய பார்க்கப் போனாளா?" "இந்தப் பொம்பளையை உள்ளே தள்ளணும்." ஒன்று விடாமல் படித்தேன். பதில் எழுத ஆரம்பித்து, பாதியில் அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, கடைசியில் போனைக் கட்டிலில் வீசினேன். என்ன எழுதுவது? எழுதினால் உண்மையை எழுத வேண்டும். உண்மை என்னவென்றால், அந்தப் போனுக்குள் இருந்தது நான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் எங்கே போனாலும், போகாதவர்களுக்கு வீடியோ காலில் இடத்தைச் சுற்றிக் காட்டியே ஆக வேண்டும். வேளாங்கண்ணி போனால் கோயிலைக் காட்டு, கல்யாணத்துக்குப் போனால் பந்தியைக் காட்டு, புதுவீடு பார்க்கப் போனால் குளியலறைக் குழாயைத் திறந்து காட்டு. காட்டாவிட்டால் கோபித்துக்கொள்கிற முதல் ஆள் நான்தான். வேன் வைத்து அருவிக்குப் போன அந்தப் பயணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முட்டிவலி, பாறை ஏற முடியாது என்று முகப்பேரில் என் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவள் சும்மா உட்கார வேண்டியதுதானே? முதலில் தம்பிக்கு அடித்தேன். அவன் போன் வேனில் சார்ஜில் கிடந்ததாம், எடுக்கவில்லை. உடனே அவன் மனைவியின் போனுக்கு அடித்தேன். அதை எடுத்தவன் தம்பி.

அவன் மனைவி அப்போதுதான் மூத்த பெண்ணுக்கு ஈரத்துணி மாற்ற வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இவனைப் பாத்துக்குங்க, ஓரத்திலேயே வச்சிருங்க" என்று அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. "சரி சரி, நீ போ" என்று தம்பி சொன்னதும் விழுந்தது. அக்காவும் தம்பியும் நாலைந்து நிமிடம் பேசியிருப்போம். அப்புறம் அவன் மகன் பேரைச் சொல்லிக் கத்தினான். திரையில் வானம் வந்தது, பாறை வந்தது, யாருடைய காலோ வந்தது. அவள் ஓடி வந்திருக்கிறாள். அவள் கையில் போனைத் திணித்துவிட்டு அவன் குதித்திருக்கிறான். அதற்குப் பிறகு அவள் அலறியதைத்தான் ஊரே கேட்டது. ஊர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டேன். என்னாச்சு, என்னாச்சு என்று நானும் இந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது கேட்டிருக்காது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அடக்கத்தன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கள் சித்தி, அதாவது எங்கள் அம்மாவின் தங்கை, அப்பா அம்மா போனபிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவள், சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். "ரெண்டு நிமிஷம் அந்தச் சனியனைக் கீழே வச்சிட்டுப் புள்ளையைப் பார்க்கக்கூடாதா? இப்ப அழுது என்னா பண்றது?" தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் சொல்வான் என்று நான் பார்த்தேன். நான் சொல்வேன் என்று அவன் பார்த்தானோ என்னவோ. திருநெல்வேலியிலிருந்து வந்த தம்பி மனைவியின் அப்பாகூட, "நீ போன்லயா இருந்தே?" என்றுதான் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்துகொண்ட வாதம். யார் நம்பினார்கள்? வீடியோவில்தான் கண்ணால் பார்த்தாகிவிட்டதே!

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். நான் போனில் பேசியபோது அவரும் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தவர்தான். "இழுத்து உன் தலையில போட்டுக்காதே. சொன்னா மட்டும் புள்ள திரும்ப வந்துடுமா?" என்றார். எவ்வளவு வசதியான கேள்வி பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு மாதம் ஓட்டினேன்.

தம்பி வீடு இருக்கிற பங்கில், அதாவது அந்தக் கோயில் எல்லைக்குள், தெருத்தெருவாக அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒன்றுகூடி ஜெபிக்கிற குழு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஏழு நாள் சாயங்காலம் அங்கே வந்து ஜெபமாலை சொல்வார்கள். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பியத்தின் தலைவி இருக்கிறாரே, ஜெபமாலை முடிந்ததும் மன்றாட்டு சொல்வதில் அவருக்குத் தனி ருசி. மன்றாட்டு என்றால் ஒருவர் வேண்டுதலைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, குரலை இழுத்து, "பெற்ற பிள்ளைகளைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் பொறுப்பை எங்கள் தாய்மார்கள் உணர வேண்டுமென்றும், கைப்பேசி என்னும் மாயையில் விழாமல் இருக்க வேண்டுமென்றும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றார்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூடம் முழுக்கச் சொன்னது. நானும் சொன்னேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்கு நேரெதிரே பாயில் உட்கார்ந்திருந்த என் தம்பி மனைவியும் உதட்டை அசைத்துச் சொன்னாள். தன்னையே குத்திய வேண்டுதலுக்குத் தானே பதில் சொன்னாள். எனக்கு எழுந்து அந்த அம்மாளின் ஜெபமாலையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. எறிந்தேனா? டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எல்லோருக்கும் கொடுத்தேன். "சர்க்கரை போதுமா?" என்று வேறு கேட்டேன். சே!

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் இருந்த ஆள் அந்த வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டான்.

"இன்னா பொம்பள மாமே இது? புள்ள தண்ணில போய்கினு கீது, இது போனைப் புடிச்சிகினு நிக்குது பாரு" என்றான் டிரைவரிடம்.

"நம்ம அம்பத்தூர்தாம்பா அது. மேனாம்பேடாம், ஊடு கூட சொன்னாங்க" என்றார் டிரைவர். "அந்த ஆளு பாவம், அப்பங்காரன். குதிச்சி தேடிகினு கீறாரு பாரு."

அந்த ஆளு பாவம்! பின்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. "யோவ், அந்தப் போன்ல பேசிக்கிட்டிருந்தது நான்யா, வேணும்னா என்னைத் திட்டுய்யா" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? "இங்கேயே நிறுத்துப்பா" என்றுதான் சொன்னேன். என் நிறுத்தத்துக்கு ரெண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வலிக்கிற முட்டியோடு வீடுவரை நடந்தேன். முட்டி நன்றாக வலிக்கட்டும் என்றுதான் நடந்தேன்.

ஏழாம் நாள் சித்தி ஒரு முடிவைச் சொன்னாள். மூத்த பெண், எட்டு வயது, நாலாம் வகுப்புப் போகப்போகிறவள், இனிமேல் என்னோடு முகப்பேரில் இருக்கட்டும். "இவளை நம்பி இருக்கிற ஒண்ணையும் விடமுடியாது. நீ பொறுப்பானவ. உனக்கும் குழந்தை இல்லை. உன் ஸ்கூல்லயே சேர்த்துவிடு, கூடவே கூட்டிப்போ, கூடவே கூட்டிவா." நான் முகப்பேரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இடம் வாங்குவது எனக்கு ஒரு விஷயமே இல்லை.

பொறுப்பானவ! அந்தச் சொல்லைக் கேட்ட பிறகும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது. இருபத்தாறு வருடமாகப் பிள்ளைச் சத்தம் இல்லாத வீடு. பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சீருடைத் துணி எடுத்து, தையற்கடையில் அளவும் கொடுத்துவிட்டேன்.

அவள் என்னைத் தொந்தரவே செய்யவில்லை. அதுதான் தொந்தரவு. வைத்ததைச் சாப்பிட்டாள், சொன்ன நேரத்துக்குக் குளித்தாள். ஒருநாள் மத்தியானம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"அத்தை, அம்மா போன்ல இல்ல. என்கூடத்தான் வேன்ல இருந்தாங்க. எனக்குப் பட்டன் போட்டுக்கிட்டிருந்தாங்க. இதை யார்கிட்ட சொல்லணும்?"

முப்பது பேர் வந்து போன வீட்டில் இந்தக் குழந்தையிடம் ஒருத்தர் கேட்டார்களா? என்னைத்தான் சொல்கிறேன், நான் கேட்டேனா? எனக்குக் கேட்கவே வேண்டாமே, தெரியுமே. "ஆறிப்போவுது, சாப்பிடு" என்றேன். அவள் சாப்பிட்டாள்.

முப்பதாம் நாள் பூசை காலை ஆறரைக்கு. பள்ளி திறக்க இன்னும் நாலே நாள். பூசை முடிந்து எல்லோரும் மேனாம்பேடு வீட்டுக்கு வந்தோம். சித்தி, அன்பியத் தலைவி, இன்னும் சில பெண்கள். மகளைப் பார்த்து மூன்று வாரமாயிற்று என் தம்பி மனைவிக்கு. கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. எட்டியிருந்தே தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "எண்ணெய் வைக்கலையா அண்ணி? வெயில்ல தலை காஞ்சிருக்கு" என்றாள் என்னிடம். அவ்வளவுதான். அந்த வீட்டில் தன் பெண்ணைத் தொடவே பயந்துகொண்டிருந்தாள் அவள்.

இட்லி சாப்பிட்டு முடித்ததும் சித்தி தன் பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். பெண்ணின் பழைய பள்ளிக்கு டி.சி. கேட்டு எழுதின விண்ணப்பம். எழுதினது நான்தான். வருஷத்துக்கு நூறு பார்க்கிறேன், எனக்குத் தெரியாத வாசகமா? "கையெழுத்துப் போடும்மா" என்று அவளிடம் நீட்டினாள் சித்தி. தம்பி ஏற்கெனவே போட்டிருந்தான்.

அவள் பேனா கேட்டாள். பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "ராத்திரி லைட்டை முழுசா அணைச்சிட்டா பயப்படுவா அண்ணி. பாத்ரூம் லைட்டு மட்டும் எரியட்டும்" என்றாள். காகிதத்தைத் தொடைமேல் வைத்து, கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடினாள்.

"போடாதே" என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது. "அன்னைக்கு அந்தப் போன்ல இருந்தது நான். நான்தான் கூப்பிட்டேன். எடுத்தது தம்பி. இவ பொண்ணுக்குத் துணி மாத்தப் போயிருந்தா. புள்ளையைப் பார்த்துக்கச் சொல்லிட்டுத்தான் போனா, அது என் காதுல விழுந்துச்சு."

சித்தி என் கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "பார்த்தியா இவ மனசை?" என்றாள் மற்ற பெண்களிடம். "தம்பி பொண்டாட்டிக்காகப் பழியைத் தன்மேல போட்டுக்கிறா. இந்தக் காலத்துல யார் செய்வா?"

"தங்கமான மனசு" என்றார் அன்பியத் தலைவி.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முப்பது நாள் மென்று முழுங்கி ஒருவழியாக உண்மையைச் சொன்னால், அதற்கும் எனக்கே மாலை போடுகிறார்கள்! "ஐயோ, தங்கமும் இல்லை தகரமும் இல்லை, நான் சொல்றது நிஜம் சித்தி!" என்று கத்தினேன். "டேய், வாயைத் திறடா. இன்னும் எத்தனை நாள் சுவரையே பார்ப்பே?"

தம்பி நிமிர்ந்தான். அந்த ஒரு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது அவனுக்கு. "அக்கா சொல்றது நிஜம்தான். அவ என்கிட்டதான் விட்டுட்டுப் போனா. நான்தான் பார்க்கலை" என்றான். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூட அவன் அப்படி அழவில்லை.

உடனே எல்லோரும் அவனைச் சமாதானப்படுத்தப் போனார்கள். தண்ணீர் கொண்டுவந்தார்கள், முதுகைத் தடவினார்கள். "ஆம்பளைக்கு என்னம்மா தெரியும், ஒரு நிமிஷம் அக்கா கூப்பிட்டாளேன்னு எடுத்துட்டான். வேணும்னா செஞ்சான்?" என்றாள் சித்தி. அன்பியத் தலைவி பெருமூச்சு விட்டு, "என்ன இருந்தாலும், தாய்னு ஒருத்தி புள்ளையைக் கூடவே கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றார். முப்பது நாளாக அவளை நார் நாராகக் கிழித்த வாய்கள் அவனுக்கு ஒரு நிமிடத்தில் மன்னிப்பைத் தயார் செய்துவிட்டன. அவளிடம் ஒரு வார்த்தை, "தெரியாம பேசிட்டோம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை, யாராவது சொன்னார்களா?

"எழுந்து போங்க எல்லாரும்" என்றேன். அன்பியத் தலைவியையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். விண்ணப்பத்தை வாங்கி நாலாகக் கிழித்தேன். பெண் எழுந்து போய் அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்த சித்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

எல்லோரும் போனபிறகு சமையலறையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. என் போன்தானே. அடக்கத்தன்னைக்கே எடுத்துப் பார்த்தேன். உங்க பேருதான் இருந்துச்சு."

"ஏம்மா ஒருத்தர்கிட்டயும் சொல்லலை?"

"சொன்னா? நாத்தனார்மேல பழி போடறான்னு அது ஒண்ணு சேர்ந்திருக்கும்." குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அதை விடுங்க அண்ணி. நான் வேனுக்குப் போயிட்டேன். இவரைக் கேட்டா, பார்க்கலை, பார்க்கலைன்னு அழறாரு. கடைசியா அவனைப் பார்த்தது நீங்கதான். என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

முப்பது நாளும் அவள் மனதில் இருந்தது இந்தக் கேள்விதான். பழி யார்மேல் என்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டிருந்தாள். பதில் தெரிந்த ஒரே ஆள் நான். ஏழு நாள் அவள் வீட்டில் டீ கொடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு கையிலயும் தண்ணிய அள்ளிக்கிட்டு வந்தான்" என்றேன். "'அத்தை, இந்தா'ன்னு போன்மேல ஊத்த வந்தான். வரதுக்குள்ளே பாதி ஒழுகிடுச்சு."

"சிரிச்சானா?"

"சிரிச்சான்."

"அப்புறம்?"

பொய் சொல்ல அந்த நிமிடமும் வழி இருந்தது. "தம்பிகிட்ட நான் சொன்னேன், 'இவனைத்தான் தினமும் பார்க்கிறேனே, அருவியைக் காட்டுடா'ன்னு. அவன் போனைத் திருப்பினான்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் அடுப்பு மேடையில் சாய்ந்து கொஞ்ச நேரம் தன் ரெண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிய அள்ளிக்கிட்டு வந்தானா?" என்றாள். "அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி."